ஆற்று மணலில் காசு தேட விரும்பும் நண்பனுக்கு

கரூர்,
தை மாதம் 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் பொங்கல் கழிந்த வாரமே வந்து சேர்ந்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்தேறியதில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. எனக்குக் கண் அறுவைக்குப் பிறகு பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. ஆகையால் இம்முறை பதில் சற்று நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்.

மகன் வாங்கி அனுப்பிய மெட்டல் டிடெக்டருடன் சித்திரையில் இங்கு வந்து, வற்றிய அமராவதியில் சேரர் காசு தேட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக வா, தங்க இடமும் சாப்பாடும் என் பொறுப்பு. அந்தக் கருவியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்பதுதான் என் வேண்டுகோள்.

மணல் சலித்துப் பழங்காசு எடுப்பது இந்த ஊருக்குப் புதிய தொழில் இல்லை. வெள்ளம் வடிந்து ஆறு ஒடுங்கியதும் படுகையில் குழி வெட்டி, அள்ளிய மணலைக் கம்பிச் சல்லடையில் இட்டு ஆட்டி, மேலே தங்கும் கல்லையும் கிளிஞ்சலையும் விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். பாசி பிடித்த கூழாங்கல் போல ஒன்று கிடைக்கும். அது செப்புக் காசாகவும் இருக்கும், வெறும் கல்லாகவும் இருக்கும். மாக்கோதை என்ற பெயரும் அரசனின் தலையும் பொறித்த வெள்ளிக் காசு, கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை என்ற பெயர்கள் கொண்ட காசுகள், ரோமானியப் பேரரசர்களின் தலை பொறித்த காசுகள் என்று இந்தப் படுகை கொடுத்தவை ஏராளம். சங்கப் பாடல்களில் மட்டும் கேட்டிருந்த சேரரைக் காசிலும் கண்டதற்கு, அன்றாடக் கூலிக்காகச் சல்லடை ஆட்டிய இம்மனிதர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களைத் திருடர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோரோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் அந்தக் காசுகளால் எதைச் சொல்ல முடியவில்லை என்பதையும் பார். மாக்கோதை எந்த நூற்றாண்டில் ஆண்டான் என்று கேட்டால், எழுத்தின் வடிவத்தையும் அந்தத் தலையில் தெரியும் ரோமானியச் சாயலையும் வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது. அக்காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. ஆற்று மணல் ஏற்கனவே கலைந்து கிடப்பதுதானே, அதில் நான் எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். நடுவாற்றில் அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் உன் கருவி நடுவாற்றோடு நிற்காதே! கரையேறினால் பழைய ஊர் புதைந்து கிடக்கும் மண். அங்கே அது ஒலி எழுப்பியதும் மண்வெட்டியை எடுக்காமல் நிற்கும் பொறுமை, நம் கல்லூரிக் காலத்திலிருந்து உன்னை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உனக்கு இல்லை.

கீழடிக்கு நீ இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். அங்கே 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 205ஆம் ஆண்டைக் காட்டியது, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 580ஐக் காட்டியது. மாநிலத் தொல்லியல் துறை இம்மாதிரிகளை அமெரிக்காவில் மியாமி நகரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்து, 2019இல் அறிக்கையாக வெளியிட்டது. ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் அடங்கியிருக்கின்றன என்றால், ஓர் ஆணிக்காக அவசரத்தில் நாம் வெட்டும் முழங்கையளவுக் குழி எத்தனை தலைமுறைகளைக் கலக்கிவிடும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். அகழாய்விலும் சல்லடை உண்டு. ஆனால் மண் அங்கே போய்ச் சேருமுன், எந்தக் குழியின் எந்தக் கட்டத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் அள்ளியது என்று பதிவேட்டில் ஏறிவிடும். கொத்துக்கரண்டியால் மெல்ல மெல்லச் சுரண்டி இறங்கும்போது மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திப் பார்க்கிறார்கள். குழிகளுக்கிடையே வெட்டாமல் விட்ட மண்சுவரில் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய சீட்டைக் குத்தி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. உன் கருவிக்கு உலோகத்தின் குரல் மட்டுமே கேட்கும். கீழடியைக் கீழடி ஆக்கியது உலோகமா? கரித்துண்டும் சுட்ட செங்கல்லும் உறைகிணறும் பானை ஓடும்தானே! தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் மட்டும் 56 என்று அந்த அறிக்கை சொல்கிறது. ஆதன், குவிரன் என்ற பெயர்களை அவற்றில் படிக்கலாம். எழுத்துகள் பெரும்பாலும் பானையின் கழுத்துக்குக் கீழே தோள்பகுதியில் கீறப்பட்டவை. மண் அப்பியிருக்கும் வரை கீறல் எது, வெடிப்பு எது என்று கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் நனைத்து மென்மையான தூரிகையால் தடவத் தடவத்தான் ஒரு கோடு எழுந்து வரும். காசைத் தேடிப் போகிறவன் அதே ஓட்டைக் குப்பை என்று தோளுக்குப் பின்னால் வீசிவிட்டுப் போய்விடுவான்.

சட்டத்தைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்களே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொண்டே ஒரு தேநீர் விலையில் குற்றவாளி ஆகிவிடாதே.

சித்திரை வரை காத்திருக்காமல் மாசியிலேயே வா. வேலாயுதம்பாளையத்துக்கு அருகில் ஆறுநாட்டார் மலைக் குகையில், ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர்களைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. வெயில் ஏறுமுன் மலையேறிவிடலாம். பிறகு கீழடிக்கும் ஒரு நடை போய் வருவோம்.

சந்தையில் வாங்கியதாக நீ எழுதிய அந்தச் செப்புக் காசைத் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதே. பச்சைக் களிம்போடு மேற்பரப்பும் அரித்துப்போய், இருக்கும் ஓரிரு எழுத்தும் மறைந்துவிடும். அப்படியே ஒரு காகித உறையில் போட்டு வை. எடையைக் கிராமிலும் குறுக்களவை மில்லிமீட்டரிலும் எழுதி அனுப்பு. விற்றவர் அதை எந்த ஊரில் எடுத்ததாகச் சொன்னார் என்பதையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுது.

அன்புடன்,
உன் கந்தசாமி