சீட்டில் ஒரு கேள்விக்குறி

ஆசிரியருக்கு,

வணக்கம். நரம்பு நோய்கள் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோய் இன்னதென்று தெரிந்தவர்களுக்கு அதில் நிறைய விஷயம் இருந்தது. தெரியாமலே நாளை ஓட்டுகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பொட்டு வைக்கக் குங்குமச் சிமிழைத் திறந்தால் நிறம் சரியாக இல்லை. வலக் கண்ணை மூடிப் பார்த்தால் வழக்கமான சிவப்பு. இடக் கண்ணை மூடினால் வெயிலில் கிடந்து வெளுத்த செங்கல். கண்ணை அசைத்தால் உள்ளே வலி. பார்வை நரம்பில் வீக்கம் என்று சொல்லி மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பார்வை ஓரளவு திரும்பியது. மூளை ஸ்கேனில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் சீட்டில் 'மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்' (சுருக்கமாக எம்.எஸ்.; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டார். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

டாக்டர்கள் மேல் எனக்குக் குறையில்லை. இந்த நோயை உறுதிசெய்ய 2001-ல் வகுத்த மெக்டொனால்ட் விதிகளையே 2005, 2010, 2017, 2024 என்று திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறார்கள். 2017 விதிகள் வரை, பாதிப்பு ஒரே இடத்தில் நிற்காமல், ஒரே சமயத்தோடு முடியாமல் வந்திருக்கிறது என்பதற்குச் சான்று கேட்டார்கள். வெள்ளைப் புள்ளி ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் வரும், பி.பி. உள்ளவர்களுக்கும் வரும். இதே மாதிரி கண்ணைத் தாக்கும் என்.எம்.ஓ. என்று இன்னொரு நோய் உண்டு, எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அதை மோசமாக்கிவிடும். அவசரப்பட்டுப் பெயர் வைப்பதைவிடப் பொறுத்துப் பார்ப்பதே சரி.

என் ஆதங்கம் வேறு. டாக்டர் சொன்ன 'இன்னும் தெரியவில்லை', வீடு வந்து சேர்வதற்குள் 'ஒண்ணும் இல்லையாம்' ஆகிவிடுகிறது. போன மாசம் கால் மரத்துப்போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க, மனசைத் தைரியமா வச்சுக்கோம்மா" என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ராத்திரி என் கால் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேலை செய்யும் இடத்தில் விடுப்புப் படிவத்தில் நோயின் பெயருக்கு ஒரு கட்டம். காலியாக விட்டேன், திரும்பி வந்தது. கேள்விக்குறியோடு எழுதினேன், அதுவும் திரும்பி வந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் இருக்கிறது. சரி, பெயர் உறுதியாகாதவர்கள் எந்த வரிசையில் போய் நிற்பது?

இப்போது பார்க்கும் டாக்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். அவர் சொல்லச் சொல்ல, நர்ஸம்மா தமிழிலேயே எழுதித் தந்தார்: இதுவரை தெரிந்தது என்ன, இன்னும் தெரியாதது என்ன, காய்ச்சலிலோ வெயிலிலோ கொஞ்ச நேரம் பார்வை மங்கினால் பயப்பட வேண்டாம், புதிதாக வந்தது ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் உடனே வர வேண்டும், அடுத்த ஸ்கேன் எந்த மாசம். அரைப் பக்கம்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அத்தை அதை இரண்டு தடவை படித்தார். அதற்கப்புறம் 'ஒண்ணுமில்லை' என்று அவர் சொல்வதில்லை.

ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை வாசலில் ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வருகிறவர்களும் அதில் உண்டு. கேள்விக்குறி போட்டுத் தருகிற ஒவ்வொரு டாக்டரும், அதோடு இந்த அரைப் பக்கத்தையும் அவரவர் மொழியில் எழுதித் தர வேண்டும். உங்கள் மருத்துவப் பக்கம் இதைக் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு