வடிகட்டாத சூப்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் சௌக்கியம். மூட்டுவலி மட்டும் என்னை விட்டுப் போகிற மாதிரி இல்லை.

ராத்திரி சூப் மட்டும் குடித்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். குடிக்கலாம். ஆனால் பெசன்ட் நகர் கடற்கரையில் வாக்கிங் போகிறவர்களுக்கு விற்கிற சூப்பை மனதில் வைத்துக்கொண்டு கேட்காதே. மிளகும் உப்பும் தூக்கலாக, ருசி பிரமாதம்தான். தினமும் அவ்வளவு உப்பு நம் வயசுக்கு ஆகாது.

சூப்பின் விசேஷமே அந்தத் தண்ணீர்தான். காயை வேகவைத்து வடித்துக் கொட்டினால் ஃபோலேட், பொட்டாசியம், வைட்டமின் சி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போகும். சூப்பில் அதையும் சேர்த்துக் குடித்துவிடுகிறோம். வைட்டமின் சி சூட்டில் ஓரளவு அழியத்தான் செய்யும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழி. முருங்கைக்கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அது உதவும். கேரட், பூசணி போட்டால் அரை ஸ்பூன் நெய் விடு, அவற்றில் இருக்கிற, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிற பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். தக்காளி வெந்தால் இன்னும் நல்லது.

வடிகட்டுவதுதான் எனக்குப் பிடிக்காது. நம் வீட்டில் வாழைத்தண்டை வில்லையாக நறுக்கி, வருகிற நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போடுவார்கள். அப்புறம் ஒரு பிடி பாசிப்பருப்போடு குக்கரில் வைத்து, மிக்ஸியில் அடித்து அப்படியே டம்ளரில். இதைப் போய் வடிகட்டினால் நார்ச்சத்தெல்லாம் சக்கையோடு குப்பைக்கு! பருப்பு எதற்கு என்றால், வெறும் காயில் புரதம் குறைவு. பதினோரு மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் தேடுவாய். உன்னைத் தெரியாதா?

ஆனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) கூடியிருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு யோசனை. பொட்டாசியம் ஏறியிருக்கிற சிறுநீரக நோயாளிகளைக் காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வார்கள். சூப்பில் நடப்பது நேர் எதிர். வாழைத்தண்டு கிட்னிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் சரி, முதலில் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, பொட்டாசியம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடு. அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது, இல்லையென்றால் போனாவது பண்ணு.

டிசம்பரில் கச்சேரிக்கு வருகிறாய்தானே? ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு.

அன்புடன்,
ராகவன்