குதிரை இதுவரை பார்த்த வேலையை எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சவாரி மன்ற நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன மாதப் போட்டியில் நடந்ததை நீங்களும் வேலியோரம் நின்று பார்த்தீர்கள். இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

அது வெஸ்டர்ன் ப்ளெஷர் என்கிற சவாரிப் போட்டி. கடிவாளம் தளர்ந்திருக்க, தலையைத் தாழ்த்தி நிதானமாகப் போகிற குதிரைக்குத்தான் அதில் மதிப்பு. நீங்கள் பார்த்துக் கொடுத்த குதிரையோ களத்து வாசலிலேயே வியர்த்து நனைந்து, பக்கவாட்டில் துள்ளிக்கொண்டிருந்தது. மெதுவோட்டம் என்று அறிவித்ததும் என் 12 வயது மகள் குதிகாலை லேசாக வைத்தாள். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டது. நடுவர் அவளை வெளியே போகச் சொன்னார். வீடு வரும்வரை பேசாமல் வந்தவள், காரை விட்டு இறங்கும்போது, "நான்தாம்ப்பா சரியா உக்காரல" என்றாள். ஒரு மாதமாகியும் அவள் சேணத்தைத் தொடவில்லை.

அப்புறம்தான் பழைய உரிமையாளரைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். ஆறு வருடம் பேரல் ரேஸ் ஓடிய குதிரையாம். மூன்று பீப்பாய்களைச் சுற்றிவிட்டு வாசலைப் பார்த்துப் பறப்பதுதான் அதன் பிழைப்பு. குதிகால் பட்டால் ஓடு என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். அது ஓடியது.

"குவார்ட்டர் ஹார்ஸ்தானே, எதற்கும் ஒத்துவரும்" என்றீர்கள். இந்த டெக்சஸில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குவார்ட்டர் ஹார்ஸ் என்கிற ஒரே இனத்தில்தான் கட்டிங் குதிரையும் வருகிறது. ஓட்டுபவர் கடிவாளக் கையைத் தாழ்த்தியதும், தானாகவே மாட்டை மந்தையில் சேரவிடாமல் மறிக்கும். ரெய்னிங் குதிரையும் வருகிறது. பின்னங்காலில் வழவழப்பான அகல லாடம் அடித்து, சறுக்கி நிற்கப் பழக்கியது. பதிவுத்தாளில் தாய் தகப்பன் பெயர் இருக்கும், பார்த்த வேலை இருக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

விளம்பரத்தில் 'குண்டு வெடித்தாலும் அசையாது' என்று போட்டிருந்தீர்கள். குண்டுக்கு வேலையே வரவில்லை, வாசல் கதவு திறந்ததே போதுமாக இருந்தது. சின்ன வயதில் அப்பாவோடு அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போயிருக்கிறேன். அங்கே தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். துண்டு மறைத்தது விலையை மட்டும்தான். பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடத்திப் பார்க்கலாம். இங்கே விலை பளிச்சென்று தெரிந்தது, குதிரைதான் துண்டுக்குள் இருந்தது. பரிசோதித்த கால்நடை மருத்துவர் விற்றவருக்கு வழக்கமாகப் பார்ப்பவர். கமிஷன் இரண்டு பக்கமும் வாங்கியிருக்கிறீர்கள். லாயத்துக்கு, மண் களத்துக்கு, லாரிக்கு என்று மாதாமாதம் தனித்தனி ரசீது தருகிற மன்றத்துக்கு, இந்த ஒரு தாளுக்கு மட்டும் எழுதக் கை வரவில்லையா?

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் பிள்ளைக்குக் குதிரை பார்த்தாலும் அது என்ன போட்டி, எத்தனை வருடம் ஓடியது என்று கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். வாங்குகிறவரே மருத்துவரைத் தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளை வேறு வேறு நாளில் மூன்று முறையாவது, ஒரு முறை ஆள் கூட்டத்திலும், ஓட்டிப் பார்க்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். இந்தக் குதிரையை பேரல் ஓட்டுகிற யாருக்காவது கைமாற்றித் தாருங்கள். நல்ல குதிரை, எங்கள் வீட்டில் வீணாக நிற்கிறது. அதற்கு வரும் கமிஷனை ஒரு பக்கம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மன்றத்து மாணவி ஒருத்தியின் அப்பா