தேரடியில் இருப்பவரை எழுப்பும் முன்

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கான கூட்டம் போன வாரம் நடந்தது. வெளிநாட்டில் இருந்து சனம் வரும், நேரலையில் உலகமெல்லாம் பார்க்கும், ஆகவே தேரடியில் படுத்துக் கிடக்கும் வயோதிபரை அதற்கு முன் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அந்த வயோதிபர் யாரைக் கண்டாலும் ‘டேய்’ என்பார், பெண்களையும்தான். கையை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதே கூட்டத்தைத் தொடக்கிவைத்தவர் யாழ்ப்பாணத்துச் சித்தரான செல்லப்பா சுவாமிகளைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தார். செல்லப்பா சுவாமி இருந்ததும் ஒரு தேரடியில்தானே! நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் கந்தலோடு இருந்து, போவோர் வருவோரை ஏசிக்கொண்டிருந்த அவரை ஊர் ‘விசர்ச் செல்லப்பா’, அதாவது பைத்தியக்காரச் செல்லப்பா, என்றது. கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்த ஒருவரை அவர் “யாரடா நீ?” என்று அதட்டினார் என்றும், அந்த அதட்டலில்தான் அவருடைய சீடர் யோகர் சுவாமி பிறந்தார் என்றும் சொல்வார்கள். பிறகு 1964இல் சமாதியடையும் வரை, கொழும்புத்துறைக் குடிலில் யோகரிடம் ஏச்சு வாங்கப் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் போனார்கள். அன்றைக்கு நல்லூரில் நேரலை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்சம் வெட்கமான கதைதான்.

எனக்கும் தங்கைக்கும் அம்மா சீதனமாகக் கொடுத்த காணிகள் பக்கத்துப் பக்கத்துக் காணிகள். ஒரு முழ எல்லைக்காக நாலு வருடம் நாங்கள் பேசவில்லை. செத்தவீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். என் கணவர் “விடப்பா, விடப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மனுசன் மீன் விலைக்கும் அதைத்தான் சொல்வார், அதனால் நான் கணக்கெடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்து, “முருகா, நீயே ஒரு வழி சொல்லு” என்று அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டில் வேலி அடைக்க வரச்சொன்ன ஆள் பத்து மணிக்குத்தான் வந்து நின்றார். கள் வாடை வேறு. நான் நூல் பிடித்து, கதியாலை, அதாவது வேலிக்கு நடுகிற பச்சைத் தடியை, இங்கே போடு, அங்கே போடு என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் அலவாங்கை ஊன்றிவிட்டுச் சொன்னார்: “ரீச்சர், ஒரு முழம் அங்காலை போனா என்ன, இங்காலை வந்தா என்ன? கதியால் ரெண்டு பக்கமும்தானே துளிர்க்கும்.”

எனக்கு வந்தது கோபம். உன் வேலையைப் பார் என்றேன். நல்லூரில் கேட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பதில் கிடைத்ததே எனக்குத் தெரியவில்லை. இரவு படுக்கும்போதுதான் அந்தக் கதியால் மனதில் வந்து நின்றது. அடுத்த நாள் அவரிடம் வேலியில் ஆள் நுழைந்து வர ஒரு பொட்டு விடச் சொன்னேன். மூன்றாம் நாள் அந்தப் பொட்டால் தங்கை ஒரு சுண்டு அரிசிமா கேட்டு வந்தாள். அவளிடம் மா இல்லாமலா இருந்திருக்கும்!

என்னோடு படிப்பித்த கிறிஸ்தவ ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். யேசு சொந்த ஊரில் போதித்தபோது, “இவன் தச்சன்தானே, இவன் வீட்டு ஆட்களை எங்களுக்குத் தெரியாதா” என்றுதான் ஊரவர்கள் கேட்டார்களாம். என் கணவரின் “விடப்பா” உடனே ஞாபகம் வந்தது.

தேரடியில் இருப்பவர் சித்தர் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டைத் தொலைத்த ஒரு மனிதராக இருக்கலாம், வைத்தியம் தேவைப்படுபவராக இருக்கலாம். கள் வாடையோடு வருகிற எல்லோர் வாயிலும் முருகன் பேசுவான் என்றும் இல்லை. அந்த வேலிக்காரரே மற்ற நாட்களில் தன் மருமகனைத் திட்டுவதைத்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் தேரடியில் இருப்பவரை எழுப்பிவிடும் முன் யாராவது பக்கத்தில் போய் இருந்து, சாப்பிட்டீர்களா, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார்களா? கூட்டத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி அமாவாசைக்குப் பிறகு அடுத்த கூட்டம். உயர்த்திய கையை அன்றைக்கு இறக்கப் போகிறேன். ஒலிவாங்கி என் கைக்கு வராமலும் போகலாம், அதனால்தான் முன்கூட்டியே உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.