பூட்டிக் கிடக்கும் வீடுகளும் புத்தகங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொங்கு நாட்டில் பூட்டிக் கிடக்கும், நடுவே திறந்த முற்றம் கொண்ட தொட்டிக்கட்டு வீடுகளைச் செப்பனிடுவதைவிட இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சிக்கனம் என்ற எண்ணம் ஊர்தோறும் பரவி வருவது வேதனை தருகிறது.

கணவர் மறைந்தபின் மனம் சோர்ந்திருந்த எனக்கு, எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்கும் துணிவைத் தந்தவை கிளை நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்களே. மண் சுவரும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் என்பதும், அவற்றின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பெயர்ந்துவிடும் என்பதும் படித்த பிறகே விளங்கின. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்த சாந்தை முதிய கொத்தனார் ஒருவர் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியபோது, தொட்டாலே உதிர்ந்துகொண்டிருந்த திண்ணைச் சுவர் கை வழுக்கும் அளவுக்கு வழவழப்பானது. அத்திண்ணையில் இப்போது மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடித் தேவாரம் படிக்கிறோம். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்று போற்றப்படும் அவிநாசி நம் கொங்கு மண்ணில்தான் இருக்கிறது. அப்பதிகத்தைப் படிக்கும்போதெல்லாம், இழந்தவை இழந்தவையே என்ற என் எண்ணம் தளர்கிறது.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் மரபுக் கட்டுமான நூல்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும்; கிளை நூலகங்களும் அவற்றை வாங்கி வைக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை அறிந்த முதியவர்களிடம் இளைஞர்கள் பயில மாவட்ட நிர்வாகங்கள் விரைந்து ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கேயம்.