எந்த அளவில் கொன்றது என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'புற்றுநோயை அழிக்கும் கடற்பாசி' என்ற தலைப்பில் வந்த செய்தியைப் படித்தேன். ஆய்வு நடந்திருக்கிறது, ஆய்வகத்தில் கடற்பாசிச் சாறு ஊற்றிய புற்றுநோய்ச் செல்கள் செத்திருக்கின்றன; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எவ்வளவு சாறு ஊற்றியபோது செத்தன என்ற ஒரே ஒரு எண் செய்தி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

கடற்பாசிகளில் மருந்துச் சேர்மம் தேடும் ஆய்வகத்தில் சில காலம் இருந்தவன் என்பதால், அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்த பாசியை மணலும் ஒட்டுயிர்களும் போகக் கழுவி, உலர்த்தி, பொடியாக்குவார்கள். அதை மெத்தனால், எத்தில் அசிட்டேட், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து வடிகட்டிக் கரைப்பானை ஆவியாக்கினால், குடுவையின் அடியில் கரும்பச்சையாக ஒரு பிசுக்கு மிஞ்சும். கச்சாச் சாறு என்பது இதைத்தான். பச்சையம், கொழுப்பமிலங்கள், ஸ்டீரால்கள், பாலிபீனால்கள் என்று எத்தனையோ பொருள்கள் அதற்குள் இருக்கும். மெத்தனாலில் எடுத்த சாறு என்றால் கடல் உப்பும் கூடவே வந்திருக்கும். இந்தக் கலவையைப் போதிய அளவு ஊற்றினால் எந்தச் செல்லும் சாகும். வெறும் உப்பை ஊற்றினாலும் சாகும். அதனால்தான் கச்சாச் சாறு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல்களையாவது கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிடலாம் என்று பல ஆய்வகங்கள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. 10 மைக்ரோகிராமில் வேலை செய்த சாறும் 500 மைக்ரோகிராம் கேட்ட சாறும் ஒன்றல்ல. தலைப்பில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதே அளவு சாறு நலமான செல்களை என்ன செய்தது என்பதும் செய்தியில் வந்திருக்க வேண்டும்.

பாக்டீரியாவைத் தடுத்தது என்று மில்லிமீட்டர் கணக்கில் வரும் வட்டங்களின் கதையும் இதுதான். சாறு தோய்த்த காகித வில்லையை, பாக்டீரியா வளர்க்கும் அகர் என்ற கூழ் பரப்பிய தட்டில் வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராமல் உருவாகும் வெற்றிடத்தை அளக்கிறார்கள். நீரில் கரையாத பொருள் அகரில் பரவாது. எவ்வளவு வீரியமானதாக இருந்தாலும் அதன் வட்டம் சிறியதாகவே நிற்கும். (அந்த அகரே சிவப்புப் பாசியிலிருந்து வருவதுதான். பாசி மருத்துவ உலகுக்கு இதுவரை செய்த மிகப் பெரிய உதவி என்று நான் அதைத்தான் சொல்வேன்.) டிபிபிஎச் என்ற ஊதா நிறப் பொருளை வைத்துச் செய்யும் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளிறினால் 'ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். மலிவான சோதனை, ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடும். எனவே எல்லா ஆய்வேட்டிலும் இருக்கும். பழுப்புப் பாசிகளில் உள்ள ஃபுளோரோடானின்கள் என்ற பாலிபீனால்கள் இதில் எப்போதும் நன்றாகத் தேறும். அவை புரதம் எதுவானாலும் போய் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை என்பதால் நொதித் தடுப்புச் சோதனைகளிலும் பொய்யாகத் தேறிவிடுவதுண்டு.

சேர்மத்தைப் பாசிதான் செய்ததா என்பது அடுத்த சிக்கல். ஹவாய் கடலில் வாழும் ஒரு கடல் நத்தையில் கண்டெடுத்த கஹலாலைட் எஃப் என்ற சேர்மம், புற்றுநோயாளிகளிடம் மருத்துவச் சோதனை வரை போனது. நத்தை தின்னும் பிரையாப்சிஸ் என்ற பச்சைப் பாசியிலிருந்து அது வருகிறது என்று பிறகு தெரிந்தது. 2019-இல் பார்த்தால், அந்தப் பாசிக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாதான் அதைச் செய்கிறது. அப்படியிருக்க, பருவம், ஆழம், சேகரித்த இடம் எதையும் குறிக்காமல், மாதிரியைப் பதப்படுத்தியும் வைக்காமல் ஒரு பாசியின் பெயரை மட்டும் எழுதினால், அடுத்தவர் அதே முடிவை எப்படி எடுத்துக்காட்டுவார்?

இப்படிச் சொல்வதால் இந்தத் தேடலே வீண் என்று நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்துக் கடலில் எடுத்த கிரிஃபித்சியா என்ற சிவப்புப் பாசியிலிருந்து 121 அமினோ அமிலங்கள் கொண்ட கிரிஃபித்சின் என்ற புரதத்தைப் பிரித்து 2005-இல் வெளியிட்டார்கள். மிக மிகக் குறைந்த செறிவிலேயே எச்ஐவி வைரஸைத் தடுத்தது அது. பாசியை அள்ளிக் குவிக்காமல் புகையிலை இனச் செடியிலேயே அதை விளைவித்தும் காட்டினார்கள். இன்னொன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேனை எந்தப் பாசி குறைக்கும் என்ற ஒரே கேள்வியோடு பல பாசிகளைச் சோதித்தபோது அஸ்பராகாப்சிஸ் முன்னுக்கு வந்தது. அதிலுள்ள புரோமோஃபார்ம் என்ற சேர்மம்தான் வேலை செய்தது. கேள்வி குறுகலாக இருந்ததால் விடையும் தெளிவாக வந்தது என்பது என் எண்ணம். எல்லாப் பாசியையும் எல்லா நோய்க்கும் சோதிப்பதில் கட்டுரைகள்தான் பெருகுகின்றன.

இதற்கு நேர்மாறான கதையையும் உங்கள் நிருபர்கள் அறிந்திருப்பது நல்லது. சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள், ஆய்வகத்தில் எச்ஐவி வைரஸை நன்றாகவே தடுத்தது. விலங்குகளிடமும் நம்பிக்கை தந்தது. அதைக் களிம்பாக்கித் தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: களிம்பால் தீங்கில்லை, ஆனால் தொற்றையும் தடுக்கவில்லை. அத்தனைக்கும் இது சுத்திகரித்து, அளவு நிர்ணயித்து, பல கட்டங்கள் தாண்டி வந்த பொருள். நீங்கள் வெளியிட்டதோ முதல் படியில் நிற்கும் கச்சாச் சாறு.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. செய்தியைப் படித்த உறவினர் ஒருவர், கடற்பாசிப் பொடி வாங்கித் தினமும் குடிக்கலாமா என்று என்னைக் கேட்டார். அவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர். பழுப்புப் பாசிகளில் சில, மிகுந்தால் தைராய்டைப் பாதிக்கக்கூடிய அயோடினைக் கடல்நீரைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவாகச் சேர்த்துவைப்பவை. சிலவற்றில் ஆர்சனிக்கும் உண்டு. ஹிஜிகி என்ற பாசியை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2004-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லி அவரைத் தடுத்துவிட்டேன். மற்ற வாசகர்களை யார் தடுப்பார்கள்?

எனவே அந்த ஆய்வாளர்களிடம் பாதிச் செல்களைக் கொன்ற செறிவு எவ்வளவு, நலமான செல்களில் சோதித்தார்களா, சேர்மத்தைத் தனியே பிரித்துவிட்டார்களா என்று கேட்டு, கிடைக்கும் பதிலை அதே பக்கத்தில் வெளியிடுங்கள். பிரிக்கவில்லை என்றால் அதையும் அப்படியே போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்