கழிவறைச் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலச்சிக்கல் பற்றிப் பேப்பரில் வரும் குறிப்புகளை விடாமல் படிக்கிறவள் நான். நிறையத் தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள், நடங்கள் என்று எழுதுகிறீர்கள். குடித்த தண்ணீருக்கு எங்கே போவது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் 19 வருஷமாகப் புடவைப் பிரிவில் இருக்கிறேன். வீடு பல்லாவரத்தில். காலையில் காபி குடித்த கையோடு வயிறு கூப்பிடும். அந்த நேரத்தில்தான் வீட்டில் இருக்கும் ஒரே கழிவறைக்கு மாமனாரும் பையனும் வரிசையில் நிற்பார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயிலுக்கு ஓடிவிடுவேன். கடையில் கழிவறை மொட்டைமாடியை ஒட்டி. சாவி சூப்பர்வைசர் மேசையில். “இப்பதானே போயிட்டு வந்தே?” என்று கஸ்டமர் முன்னாலேயே கேட்பார். அதற்குப் பயந்து, கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் திரும்ப எடுத்துப்போன நாட்கள் உண்டு. தீபாவளி சீசனில் கேட்கவே வேண்டாம்.

வார லீவுக்கு முந்தின ராத்திரி பேதி மாத்திரை போடுவேன். லீவு முழுக்க ஓட்டம். மறுநாளிலிருந்து பழைய கதை.

போன வருஷம் ரத்தம் வந்ததும் பயந்துபோய் அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். ஆசனவாயில் வெடிப்பு. சர்க்கரை, தைராய்டு இரண்டும் பார்த்தார்கள். ரத்தசோகைக்குச் சாப்பிட்ட இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வாரத்துக்கு மூன்று தடவைகூடப் போகாமல் மாதக்கணக்கில் இழுத்தால் காட்ட வேண்டும், ரத்தமோ எடை குறைவோ இருந்தால் ஒரு நாளும் தள்ளக்கூடாது என்றார் டாக்டரம்மா. அடக்க அடக்கக் குடல் மலத்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம். நாளாக ஆக, வந்த உணர்ச்சியே மங்கிவிடுமாம். எனக்குக் காபி குடித்தாலும் வயிறு கூப்பிடாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஸ்பூன் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி, பெரிய டம்ளர் தண்ணீரில். கொழகொழவென்று கெட்டியாவதற்குள் மடக்கென்று குடித்துவிட வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். வெஸ்டர்ன் டாய்லெட் முன்னால் கால் வைக்க ஒரு மணை. ஆறே கால் மணி எனக்குத்தான் என்று மாமனாரிடம் சண்டை போட்டு வாங்கினேன். மூன்று நாள் அவர் பேசவில்லை.

வீட்டில் வழி பிறந்துவிட்டது. கடையில்? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. எங்கள் பிரிவுக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கூட்டத்தில் உட்கார முடிவதில்லை, சரி, அது வேறு விஷயம். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள் நாற்காலியை எண்ணுவதோடு நிறுத்தாமல், மாடியேறிக் கழிவறைக் கதவையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் சாவி எங்கே என்று சூப்பர்வைசரிடம் வேண்டாம், எங்களிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர்,
பல்லாவரம், சென்னை.